மனோவும் பிரபாவும்: ஒரே வாக்கு, இரண்டு வழிகள்

2010 ஏப்ரல் இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில், கொழும்புத் தமிழ் அரசியல்வாதி மனோ கணேசன் கொழும்பைத் தம்பி பிரபாவிடம் விட்டுவிட்டுக் கண்டியில் போட்டியிட்டார். தம்பி வென்றார், அண்ணன் தோற்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரபா, மலையகத் தமிழ் எம்.பி. திகாம்பரத்துடன் சேர்ந்து மகிந்த ராஜபக்ச அரசின் பக்கம் போய்விட்டார். அடுத்த மாதமே ஜனாதிபதிக்கான இரண்டு தவணை வரம்பை நீக்கிய 18ஆவது திருத்தம் 161 வாக்குகளுடன் நிறைவேறியது.

அரசோடு இருந்தால்தான் வேலை நடக்கும் என்ற வாதத்தை லேசில் தள்ள முடியாது. கொழும்பின் கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ தண்ணீர்க் குழாய்க்கும் பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதிக்கும் அலைந்தவர்களுக்கு இது தெரியும். பிரபா பிறகு பிரதி அமைச்சரும் ஆனார். சரி, ஆனால் அந்த ஆசனம் எப்படி வந்தது? வாக்காளர் எதிர்க்கட்சியான ஐ.தே.க.வின் யானைச் சின்னத்துக்கு ஒரு புள்ளடி போட்டார், கீழே வேட்பாளரின் இலக்கத்துக்கு இன்னொன்று போட்டார். இரண்டுமே அந்த அரசை வேண்டாம் என்று சொல்லிப் போட்டவை. அதைத் தூக்கி அதே அரசிடம் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

மனோவின் பக்கம் வேறு மாதிரி. வெள்ளை வானில் ஆட்களைக் கடத்திய காலத்தில், முன்னாள் யாழ் மேயர் ரவிராஜோடு சேர்ந்து காணாமல் போனவர்களுக்காகக் கண்காணிப்புக் குழு நடத்தினார். ரவிராஜை 2006 நவம்பரில் நாரஹேன்பிட்டியில் சுட்டுக் கொன்றார்கள். மறு வருடம் ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அந்த நேரத்தில் நமக்குத் தேவைப்பட்டது அரசைத் தட்டிக் கேட்கிற குரல்தான். தோற்ற பிறகும் அவர் ஒதுங்கவில்லை. 2011 கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் தன் கட்சியின் ஏணிச் சின்னத்தில் தனித்துக் கேட்டு 6 ஆசனம் எடுத்தார். 2014இல் மாகாண சபை, 2015இல் பாராளுமன்றம், அமைச்சர் பதவி. பிரபா அதன்பின் பாராளுமன்றம் வரவில்லை.

மனோவிடமும் கேள்வி இருக்கிறது. தம்பியோடு கட்சி தாவிய திகாம்பரமே 2015இல் அவருடைய கூட்டணிப் பங்காளி. அப்புறம் 2024. பாராளுமன்றத் தேர்தலில் கொழும்பில் தோற்றவர், கட்சி பெயர் கொடுத்து நிரப்புகிற தேசியப் பட்டியல் வழியாக உள்ளே போனார். ஆறாம் மாதம் வருமுன்னே, 2025 மே மாதத்தில், மாநகர சபைத் தேர்தல் வந்தது. 2011இல் ஏறிய ஏணியில், மக்களிடம் நேரே வாக்குக் கேட்டு, அவர் மறுபடி ஏறியிருக்கலாம்.