பொக்லைனுக்கு ஒரு ஜே1939 ஸ்கேனர்

ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் வாய்க்கால் தூர்வாரும் வண்டிகளுக்கு, எஞ்சின் கணினியில் பதிவாகும் கோளாறு எண்களைப் படித்துச் சொல்லும் இந்த ஜே1939 (கனரக வண்டிகளின் தகவல் தொடர்பு முறை) ஸ்கேனரைத் தாராளமாக வாங்கலாம். எஸ்பிஎன் (கோளாறு எதில் என்ற எண்), எஃப்எம்ஐ (அது என்ன வகைக் கோளாறு என்ற எண்) இரண்டையும் காட்டுகிறது, அதுதான் முக்கியம். எஸ்பிஎன் 100 என்றால் ஆயில் பிரஷர். கூடவே எஃப்எம்ஐ 1 வந்தால் பிரஷரே இறங்கியிருக்கிறது, உடனே எஞ்சினை நிறுத்துங்கள். 3 அல்லது 4 வந்தால் மின்சுற்றுக் கோளாறு. அவசரப்பட்டு சென்சாரை மாற்றாதீர்கள்! சென்சார் சாக்கெட்டைக் கழற்றி, சாவி போட்டு, மூன்று கம்பி சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். டெல்டா சேற்றில் பின்னெல்லாம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கும். கிளீனர் அடித்து, ரப்பர் சீலையும் புதிதாகப் போடுங்கள்.

குறை ஒன்று: ஸ்கேனரை வண்டியில் செருக கறுப்பு பிளக் மட்டுமே தருகிறார்கள். பச்சை சாக்கெட் வண்டியில் அது ஏறாது. ஸ்கேனருக்கு இணைப்பே கிடைக்காவிட்டால், பேட்டரியைத் துண்டித்து, ஸ்கேனர் செருகும் சாக்கெட்டில் சி, டி பின்களுக்கிடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும்.