புது ஹெட்போனா, புது இயர்பேடா? மொரீஷியஸ் ஈரத்தில் ஒரு கணக்கு

கோயில் விழாக்களில் பிள்ளைகள் பாடும் தேவாரத்தையும் வாரயிறுதித் தமிழ் வகுப்புக்கான பாடங்களையும் பதிவு செய்து திருத்துவதற்கு, காதை முழுவதும் மூடும் கம்பி ஹெட்போன் ஒன்றை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். சென்ற கோடையில் அதன் இயர்பேடுகளின், அதாவது காதைச் சுற்றி அமரும் மெத்தைகளின், ரெக்சின் உறை உரியத் தொடங்கி, கழற்றும்போதெல்லாம் கன்னத்தில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டன. உள்ளே ஒலியை எழுப்பும் டிரைவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அப்போது எதிரே இருந்தவை மூன்று வழிகள்: மலிவான புளூடூத் ஹெட்போன், அதே விலைப் பிரிவில் புதிய கம்பி ஹெட்போன், அல்லது புதிய இயர்பேடுகள் மட்டும். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புளூடூத் வகையைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. பேருந்தில் பாட்டுக் கேட்பவருக்கு அது வசதிதான். ஆனால் ஒலி சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால் திருத்தும் வேலைக்கு உதவாது. தவிர, மலிவான வகைகளில் உள்ளே அடைத்து மூடப்பட்ட பேட்டரிதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி, சில விலக்குகளுடன், 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரான்சின் பகுதியான பக்கத்துத் தீவு ரியூனியனும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதே. அதற்குப் பிறகு இந்தக் கணக்கு மாறலாம். விலை உயர்ந்த புளூடூத் ஹெட்போன்களை நான் நீண்ட நாள் பயன்படுத்தியதில்லை. எனவே அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

புதிய கம்பி ஹெட்போன் வாங்குவதாக இருந்தால், பலரும் பார்ப்பது ஆடியோ-டெக்னிக்காவின் எம்20எக்ஸ், அதற்கு மேல்படியான எம்40எக்ஸ், சோனியின் எம்டிஆர்-7506 ஆகியவை. எம்20எக்ஸில் கம்பி நிலையாகப் பொருத்தப்பட்டது. எம்40எக்ஸில் கழற்றி மாற்றலாம். மின்தடை முறையே 47, 35, 63 ஓம் என்பதால் மூன்றும் மடிக்கணினியிலேயே போதிய சத்தத்தோடு இயங்கும். தனி ஆம்ப்ளிபயர் வேண்டியதில்லை. 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாத கைப்பேசியானால் ஒரு சிறு இணைப்பானையும் சேர்த்து வாங்க வேண்டும்.

இவற்றுள் எது நன்றாக ஒலிக்கும் என்று அலசி நேரத்தைக் கழிப்பதைவிட, இதன் இயர்பேடு கழன்று வருமா, ஐந்து ஆண்டு கழித்தும் அதற்குப் பொருந்தும் இயர்பேடு கிடைக்குமா என்று கேட்பதே நம் தீவுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. காரணம், இங்கே முதலில் சாவது இயர்பேடுதான். ரெக்சினின் மேற்பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறு இணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது, வெப்பம் அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. போர்ட் லூயியின் கோடைப் புழுக்கமும் வியர்வையும் ஒரு பக்கம் என்றால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில், தூறல் ஓயாத கியூர்பிப்பின் ஈரம் மறுபக்கம். இவற்றோடு தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய் வேறு. காதோர முடியிலிருந்து அது இறங்கும் இடத்தில்தான் என் இயர்பேடு முதலில் பிசுபிசுத்து, பிறகு வெடித்தது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ரெக்சின் ரெக்சின்தான். புது ஹெட்போன் வாங்குபவர் டிரைவரையும் கம்பியையும் தலைப்பட்டையையும் தேவையில்லாமல் மறுபடி வாங்கிவிட்டு, சில ஆண்டுகளில் அதே உரிந்த இயர்பேடுக்கே வந்து சேர்கிறார்.

இந்த இடத்தில் பழைய மாடல்களுக்கு ஒரு மேன்மை உண்டு. எம்டிஆர்-7506 1991இல் வந்தது, இன்றும் விற்கிறது. அதனால் அதற்கு அசல் இயர்பேடும், பிற நிறுவனங்கள் செய்யும் பல வகை மாற்று இயர்பேடுகளும் கிடைக்கின்றன. பயேர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோவும் அப்படித்தான். அதன் சாம்பல்நிறத் துணி இயர்பேடுகள் உதிரிப்பாகமாகவே விற்கப்படுகின்றன, ஆனால் ஹெட்போனின் விலை நான் பார்க்கும் விலைப் பிரிவைத் தாண்டுகிறது. இரண்டு பருவத்துக்கு ஒருமுறை வடிவம் மாறும் மலிவு மாடல்களுக்கோ பொருத்தமான இயர்பேடு தேடுவது வீண் அலைச்சல். நான் வாங்கிய ஜோடி, புதிய ஹெட்போனின் விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஆனது. எடையில்லாத பொட்டலமாதலால் அஞ்சலிலும் எளிதாக வந்தது.

எந்த இயர்பேடு என்பதில்தான் சற்று நிதானம் வேண்டும், ஏனெனில் இயர்பேடு மாறினால் ஒலியும் மாறும். மூடிய வகை ஹெட்போனில் காதைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைபட்டால்தான் தாழ்ந்த ஒலிகள் முழுமையாகக் கேட்கும். ஸ்பாஞ்சின் தடிமன் காதுக்கும் டிரைவருக்கும் உள்ள இடைவெளியை மாற்றி, உயர்ந்த ஒலிகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். முதலில் வெல்வெட் போன்ற துணி உறையிட்ட ஜோடியைத்தான் ஒரு நண்பரிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். காது வேர்க்கவில்லை, மூக்குக் கண்ணாடியின் காம்பும் உறுத்தவில்லை. ஆனால் மிருதங்கப் பதிவொன்றைக் கேட்டபோது வலந்தலை எனப்படும் வலப்பக்கத்தின் கணீரென்ற மீட்டு பளிச்சென்று முன்னே நிற்க, தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் தாழ்ந்த கும்காரம் மெலிந்து பின்வாங்கியது. ரெக்சின் ஜோடியை மாட்டியதும் தொப்பி தன் இடத்துக்கு வந்தது. கேட்டு மகிழ்வதற்கு மட்டும் என்றால் துணியையே சொல்வேன். பதிவைச் சரிபார்த்து அளவு திருத்துவதற்கு, அசலின் தடிமனையும் உறையையும் ஒத்த ரெக்சின்தான் பாதுகாப்பு. துணி உரியாது என்றாலும் மலைப்பகுதியில் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சை வாடையை வரவழைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆட்டுத்தோல் இயர்பேடுகள் நெடுநாள் உழைக்கும் என்கிறார்கள்; என் அனுபவம் அவ்வளவு தூரம் போகவில்லை.

மாற்றும் வேலை கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்காது. பழையதன் பின்விளிம்பை விரலால் நெம்பி உருவி, டிரைவர் மேல் உள்ள மெல்லிய துணியைத் தொடாமல் துணுக்குகளைக் காய்ந்த தூரிகையால் துடைத்துவிட வேண்டும். புதியதன் விளிம்பைக் கீழ்ப்பக்கத்தில் தொடங்கிப் பள்ளத்தில் செருகி, கடைசி இரண்டு அங்குலத்தைப் பழைய பிளாஸ்டிக் அட்டையின் முனையால் தள்ளினால் உட்கார்ந்துவிடும்.

புதியதே மேல் என்னும் நிலைகளும் உள்ளன. இயர்பேடு பசைபோட்டு ஒட்டப்பட்டதாக இருந்தாலோ, டிரைவர் ஒரு பக்கம் கரகரத்தாலோ, தலைப்பட்டையின் மூட்டு விரிசல் விட்டிருந்தாலோ இயர்பேடுக்குச் செலவிடுவது வீண். கழற்ற முடியாத கம்பி ஜாக் அருகே விட்டுவிட்டு வேலை செய்கிறதென்றால், சால்டரிங் தெரிந்தவர் கையில் இருந்தால் மட்டுமே பழையதைக் காப்பாற்றலாம்.

வாங்கும்போது இரண்டு ஜோடியாக வாங்கி ஒன்றைப் பெட்டியில் வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், காதில் படாவிட்டாலும் அலமாரிக்குள் இருக்கும் ரெக்சினையும் அதே ஈரம் அரித்துக்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஆல்கஹால் தடவாமல், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, முதல் சுருக்கம் வெடிப்பாக மாறும்போது அடுத்த ஜோடிக்குச் சொல்லிவிட்டால் போதும்.