ஏற்காடு தொகுதிக்கு ஓட்டை மாற்றிய கதை: தளம், பி.எல்.ஓ., வாக்குச்சாவடி பற்றிய என் மதிப்பீடு

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் படிவம் போடும் வசதிக்கு ஐந்துக்கு மூன்றரை. வாக்குச்சாவடிக்கு நான்கு. எங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு, அதாவது பி.எல்.ஓ. அம்மாவுக்கு, ஐந்துக்கு ஐந்து. அதற்கு மேல் இருந்தாலும் கொடுப்பேன்.

சேலம் டவுனில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் நான். 2023-ல் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்குக் கணக்குப் பார்க்க வந்து, குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டேன். கேஸ், வங்கி, ரேஷன் எல்லாவற்றிலும் முகவரி மாற்றியாயிற்று. ஓட்டை மட்டும் "தேர்தல் வரும்போது பாத்துக்கலாம்" என்று பலரும் தள்ளிப்போடுவார்கள். தேர்தல் அறிவித்து வேட்புமனு கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பட்டியலில் பெயர் ஏறாது. அதனால் வந்த சூட்டோடு ஓட்டையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மலையில் சிக்னல் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் போனால்தான் உருப்படியாக இருக்கும். ஓ.டி.பி. வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். தளத்தின் மேல் குறையில்லை. தமிழிலேயே இருக்கிறது, கேட்கும் கேள்விகளும் தெளிவு. மூன்றரை மதிப்பெண் என்றது மலையில் இருந்துகொண்டு அதைப் பயன்படுத்தும் அனுபவத்துக்குத்தான். என் படிவத்தை அங்கே போய் நானே போட்டேன். என் மனைவியுடையதை, டவுனுக்குப் போயிருந்தபோது ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்தாள். நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அவர்கள் போட்டது படிவம் 6.

படிவம் 6 முதல் முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு. ஏற்கெனவே ஓட்டு இருந்து வீடு மாறியவர்கள் போட வேண்டியது படிவம் 8. 2022 ஆகஸ்டிலிருந்து தொகுதி விட்டுத் தொகுதி மாறினாலும் 8 தான். திருத்தத்துக்கும், தொலைந்த அட்டைக்குப் பதில் வாங்கவும் அதே 8. பெயர் நீக்கத்துக்கு 7. ஏற்கெனவே ஓட்டு இருப்பவர் 6 போட்டால் பழைய பெயர் அங்கேயே கிடக்கும், இங்கே இன்னொன்று ஏறும். ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. "வேறெங்கும் என் பெயர் இல்லை" என்ற உறுதிமொழியில் வேறு கையெழுத்துப் போட்டிருப்போம். பணம் வாங்கிக்கொண்டு செய்கிறவர்கள் இதை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காப்பாற்றியவர் பி.எல்.ஓ. எங்கள் பக்கத்து அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். விசாரணைக்கு நேரில் வந்தார். கையில் நெகிழிப் பையில் சுற்றிய பட்டியல், மழைத் தூறலில் நனையாமல் இருக்க. வாசலிலேயே நின்று கேட்டார்: "சார், மேடத்துக்கு டவுன்ல ஓட்டு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க. அட்டை கூட இருக்குதுங்களே."

"அப்போ ஆறு போடக் கூடாதுங்க. இதை நிறுத்தச் சொல்லி எழுதிர்றேன். நீங்க எட்டு போட்டுருங்க, அட்டை நம்பர் அதே நம்பர்தான் வரும்."

அப்படியே நடந்தது. சில வாரத்தில் இருவருக்கும் புது முகவரியோடு அட்டை ஸ்பீட் போஸ்ட்டில் வந்து சேர்ந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

அந்த அம்மாவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஸ்டேட் லைன் வீடுகளில், அதாவது தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், பலவற்றுக்குத் தனிக் கதவு எண் கிடையாது. ஒரே எண்ணில் ஏழெட்டுக் குடும்பம் இருக்கும். இணையத்தில் முகவரியைத் தட்டினால் எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்கள் மாதிரித் தெரிவார்கள். யார் எந்த அறையில், யார் கல்யாணமாகி வாழப்பாடிக்குப் போய்விட்டார்கள், யார் வேலை தேடி திருப்பூர் போய் பொங்கலுக்கு மட்டும் வருகிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். எந்தச் செயலியும் இந்த வேலையைச் செய்யாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குத் தொகுதியின் அமைப்பே காரணம். தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதி. அதில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு: ஏற்காடு, நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம். சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் ஏற்காட்டுக்கு எண் 83. பெயர்தான் ஏற்காடு. ஓட்டு மலையோடு நிற்பதில்லை, அடிவாரம் இறங்கி அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி வரைக்கும் போகிறது. மலையில் இருக்கும் ஓட்டு மொத்தத்தில் சிறு பங்குதான். ஜெயிப்பதும் தோற்பதும் சமவெளியில் முடிவாகிவிடும். அப்படியிருக்க, மலையில் ஒரு லைனில் பத்துப் பெயர் விடுபட்டால் அது சின்ன விஷயமில்லை.

ஒதுக்கீடு பற்றி இங்கேயே பலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஒதுக்கப்பட்டது வேட்பாளர் இடம் மட்டும். ஓட்டு எல்லாச் சாதிக்காரர்களும் போடலாம், நானும் போடுகிறேன். நிற்பவர் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் உள்ள சமூகத்தவராக இருக்க வேண்டும், மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். ஏற்காட்டுக்காரராகவே இருக்க வேண்டும் என்றில்லை. டெபாசிட் பொதுவாகப் பத்தாயிரம், பழங்குடியினருக்கு ஐயாயிரம். செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்பாது. ஜெயிப்பதற்குப் பாதி ஓட்டு தேவையில்லை, மற்றவர்களைவிட ஒன்று கூடினால் போதும்.

எங்கள் மேஸ்திரி இன்றைக்கும் 2013 இடைத்தேர்தலைப் பற்றிப் பேசுவார். சட்டமன்ற உறுப்பினர் பெருமாள் காலமானதால் வந்த தேர்தல், டிசம்பர் 4-ல் ஓட்டுப்பதிவு. அமைச்சர்கள் கார் கார்களாக மலையேறிய காலம். பெருமாளின் மனைவி சரோஜா அ.தி.மு.க. சார்பில் 1,42,771 ஓட்டு வாங்கினார், தி.மு.க. மாறன் 64,655. வித்தியாசம் 78,116. தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதன்முதலில் வந்ததும் அந்தத் தேர்தலில்தான், 4,431 பேர் அதை அழுத்தினார்கள். அவ்வளவு கார் வந்ததே, அதற்கப்புறம் சாதாரண நாளில் எத்தனை கார் வந்தது என்று மேஸ்திரி கேட்பார். அந்தக் கேள்வி நியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

இனி வாக்குச்சாவடி. நான் இங்கே முதலில் ஓட்டுப் போட்டது 2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தலில். ராத்திரியில் எஸ்டேட் மேட்டில் நின்றால் சேலம் விளக்கு முழுக்கத் தெரியும். ஆனால் எங்கள் எம்.பி. தொகுதி கள்ளக்குறிச்சி! ரிஷிவந்தியம், சங்கராபுரத்தோடு ஏற்காட்டையும் சேர்த்திருக்கிறார்கள். சட்டமன்றத்துக்கும் நடைமுறை இதேதான் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

ஊராட்சிப் பள்ளி ஒன்று. முதல் அலுவலர் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படித்தார், பெஞ்சில் இருந்த கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் கோடு போட்டார்கள். அடுத்தவர் இடது ஆட்காட்டி விரலில் நகமும் தோலும் சேருமிடத்தில் மையை இழுத்துவிட்டு, 17-ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சீட்டுக் கொடுத்தார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தானை அழுத்தினார். மறைப்புக்குள் போய் நான் அழுத்தியதும், விவிபேட் என்ற, போட்ட ஓட்டை அச்சிட்டுக் காட்டும் கருவியின் கண்ணாடிக்குள் சின்னமும் பெயரும் அச்சான சீட்டு ஏழு நொடி நின்று, வெட்டுப்பட்டு உள்ளே விழுந்தது. ஏழு நொடி என்றால் கொஞ்சம்தான் என்று தோன்றும். நின்று பார்த்தால் போதுமானது. தயவுசெய்து பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

கணக்கெழுதுபவனாக எனக்குப் பிடித்தது இதிலுள்ள இருப்புக் கணக்கு. காலையில் முகவர்கள் கண்முன்னால் குறைந்தது 50 ஓட்டு மாதிரிக்குப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மாலையில் பதிவான மொத்தத்தை 17-சி படிவத்தில் எழுதி, முகவர்களுக்கு நகல் தர வேண்டும். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் தொகையும் அந்தத் தாளும் பொருந்த வேண்டும். கூடவே ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் எடுத்த ஐந்து சாவடியின் விவிபேட் சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார்கள். எந்தக் கட்சி முகவராக உட்கார்ந்தாலும், 17-சி நகலை வாங்காமல் எழுந்து போகாதீர்கள்.

ஒரு மதிப்பெண் குறைத்தது எதற்கென்றால், சாய்வுப் பாதை வராண்டாவோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு படி. ஒரு பாட்டியை இரண்டு பையன்கள் நாற்காலியோடு தூக்கினார்கள். யாரும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது ஆணையத்தின் வழக்கம். மலையில் இரண்டு கிலோமீட்டர் என்பது இறங்கி ஏறும் இரண்டு கிலோமீட்டர். 85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களும் 12-டி படிவம் கொடுத்தால் அலுவலர்கள் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிப் போவார்கள். அந்தப் பாட்டிக்கு இதை யாரும் சொல்லவே இல்லை. அடுத்த தேர்தலுக்கு நாங்கள் சொல்லுவோம்.

ஏற்காட்டுக்கு வேலைக்கோ வாழவோ வருகிறவர்கள் படிவத்தை நீங்களே போடுங்கள், அல்லது பி.எல்.ஓ. கையில் கொடுங்கள். அட்டை கையில் இருந்தால் போதாது, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தளத்திலோ 1950 எண்ணிலோ பார்த்துவிடுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் ஆதார் மாதிரி வேறு அடையாளத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம், பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் 17 முடிந்த பிள்ளைகள் இருந்தால் இப்போதே படிவம் 6 கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எது 18 நிறைந்தபின் வருகிறதோ அந்தக் காலாண்டில் பெயர் ஏறும். எங்கள் லைனில் ஜூனில் 18 முடிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள் படிவம் ஏற்கெனவே பி.எல்.ஓ. அம்மாவின் நெகிழிப் பைக்குள் போய்விட்டது.