சீரியல் கன்சோலுக்கு பிகோகாம் போதும்
ராஸ்பெர்ரி பை, ரவுட்டர் போர்டுக்கெல்லாம் சீரியல் கன்சோல் (கேபிள் வழியா போர்டோட டெக்ஸ்ட் ஸ்கிரீன கம்ப்யூட்டர்ல பாக்குறது) திறக்க ரெண்டு வருஷமா பிகோகாம்தான் (picocom, லினக்ஸ் டெர்மினல்ல ஓடுற சின்ன புரோகிராம்) யூஸ் பண்றேன், இதே வேலைய செய்யுற மினிகாம் மாதிரி மெனுவுக்குள்ள போயி மோடம் செட்டிங்லாம் தேட வேண்டாம், ஸ்பீடு 115200-னு ஒரே லைன்ல குடுத்தா பூட் மெசேஜ் கடகடன்னு ஓட ஆரம்பிச்சிரும். டீஃபால்ட் 9600, அத மாத்த மறந்தா ஸ்கிரீன் பூரா கிறுக்கலா வரும். வெளிய வர கன்ட்ரோல் ஏ, அப்புறம் கன்ட்ரோல் எக்ஸ்.

பர்மிஷன் டினைடுன்னு வந்தா சூடோ (sudo, அட்மின் உரிமை) போட்டு ஓட்டாதீங்க ப்ளீஸ், உபுண்டு டெபியன்ல உங்க யூசர சீரியல் போர்ட்ட திறக்க அனுமதி இருக்குற டயல்அவுட் (dialout) குரூப்ல சேத்துட்டு லாகவுட் பண்ணி உள்ள வாங்க (ஆர்ச் லினக்ஸ்ல அந்த குரூப் பேரு யுயுசிபி, uucp).

ரெண்டு கேபிள் சொருகுனா டிடிஒய்யுஎஸ்பி (ttyUSB, கேபிளுக்கு லினக்ஸ் குடுக்குற பேரு) 0 எது 1 எதுன்னு மாறிடும், ஒருதடவ தப்பான போர்டுக்கு ரீபூட் அடிச்சிட்டேன், அதுலருந்து /டெவ்/சீரியல்/பை-ஐடி-ல (/dev/serial/by-id) யூடெவ் (udev, லினக்ஸ்ல டிவைஸுக்கு பேரு வைக்குற புரோகிராம்) போட்டு வைக்குற நீளமான பேரத்தான் குடுக்குறேன். சீரியல் நம்பரே இல்லாத சீப் கேபிள்னா பை-பாத் (by-path, எந்த போர்ட்ல சொருகியிருக்குன்றத வெச்சு வர்ற பேரு) பாருங்க.