துடைப்பதா, புதிதாக நிறுவுவதா?

காரைக்குடியில் பெரியப்பா வீட்டு முகப்பில் இருக்கும் கணினி ஒரு நாள் உலாவியில் சிவப்பு எச்சரிக்கைத் திரையோடு அலறியது. அதிலிருந்த எண்ணை அழைத்து, மறுமுனையில் இருந்த மோசடிக்காரன் சொன்ன, தொலைவிலிருந்தே கணினியை இயக்கவிடும் செயலியையும் பெரியப்பா நிறுவிவிட்டார். நான் போனதும் முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கினேன்.

துடைப்பதென்றால், செயலியை நீக்கி, விண்டோஸிலேயே இருக்கும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை ஓட்டினால் கால் மணி நேரத்தில் வேலை முடியும்; கோப்புகள் அப்படியே இருக்கும். ஆனால் அவன் வேறென்ன வைத்துவிட்டுப் போனானோ! விண்டோஸையே புதிதாக நிறுவுவதென்றால் வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவைத் தயார் செய்து, வட்டையே அழிக்க வேண்டும். அரை நாள் போகும், பிரிண்டர் மறுபடியும் அடம்பிடிக்கும்.

“எவ்வளவு நேரம் உள்ளே இருந்தான்?” என்றேன்.

“அரை மணி இருக்கும், தம்பி.”

அதற்குமேல் யோசிக்கவில்லை. பேரன் கல்யாணப் படங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வட்டை அழித்தேன். அழைக்காமல் விட்டிருந்தால் உலாவியை மூடியிருந்தாலே போதும்; துடைப்பதுகூடத் தேவைப்பட்டிருக்காது.

வங்கிக் கடவுச்சொல்லை இரண்டு வழியுமே காப்பாற்றாது. அதைப் பெரியம்மாவின் கைப்பேசியில் மாற்றிவிட்டு, இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தோம்.