குறைந்த செலவில் பிளேட் றேசர்: மட்டக்களப்பில் வாங்கிப் பாவித்த சாமான்கள்

எனக்கு அடர்த்தியான, சுருண்ட தாடி. டவுனில் ஒரு அலுவலகத்தின் முன் மேசையில் வேலை என்பதால் கிழமை நாட்களில் ஷேவ் எடுக்காமல் போக ஏலாது. காட்ரிஜ் றேசர் (பிளேட் பதித்த தலையையே கழற்றி மாற்றுகிற வகை) பாவித்த காலம் முழுக்கக் குரல்வளைக்குக் கீழே சிவந்த சின்னக் கட்டிகள் இருந்துகொண்டே இருந்தன. சுருண்ட முடிக்காரர் பலருக்கும் இந்தக் கரைச்சல் உண்டு. அடுக்கடுக்காய்ப் பிளேட் வைத்த தலையில், முன்னால் போகிற பிளேட் முடியை இழுத்துக் கொடுக்க, பின்னால் வருகிற பிளேட் அதைத் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடும். அந்த முடி திரும்ப வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். ஒற்றைப் பிளேட்டுக்கு மாறிய பிறகு என் கழுத்து நன்றாக ஆறிவிட்டது. காசு மிச்சம் என்பது எனக்கு இரண்டாவது சந்தோசம்தான்.

அந்த மிச்சமும் சின்னதில்லை. காட்ரிஜ் ஒரு பெட்டி வாங்குகிற காசுக்கு மாதக்கணக்கில் பாவிக்கப் பிளேட் வரும். கிங் ஜில்லெட் 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இருமுனைப் பிளேட்டின் வழிவந்ததுதான் இன்றைக்கும் கடையில் தொங்குகிறது. உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, அளவும் பொதுவாகிவிட்டது. துருக்கியில் செய்த பிளேட்டை இந்திய றேசரில் போடலாம். காட்ரிஜில் அது நடக்காது. பிடி வாங்கினால் அதே கொம்பனியின் தலையைத்தான் காலத்துக்கும் வாங்க வேண்டும்.

பிளேட்டைப் பலசரக்குக் கடையில் ஒன்று இரண்டாய் வாங்காதீர்கள். சலூன்காரர் எங்கே வாங்குகிறார்களோ அங்கே போங்கள். நம் பக்கத்துச் சலூன்களில் பார்த்திருப்பீர்கள்: உறையைப் பிரிக்காமலே பிளேட்டை நீளவாக்கில் மடித்து ‘டிக்’ என்று இரண்டாக முறித்து, ஒரு பாதியைச் சவரக்கத்தியில் செருகுவார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் புதுசு போடுவதால் அவர்களுக்குப் பெட்டி பெட்டியாய்ப் பிளேட் வேண்டும். அந்த மொத்த விலை நமக்கும் கிடைக்கும். மட்டக்களப்பு டவுனிலும் கல்முனையிலும் சலூன் சாமான் எங்கே வாங்குவது என்று உங்கள் முடிவெட்டுகிறவரையே கேளுங்கள், சொல்லித் தருவார். ஜப்பானின் பெதர் பிளேட்டை எல்லாரும் புகழ்கிறார்கள். உண்மையிலேயே அபாரக் கூர். அதனாலேயே கை பழகும்வரை அதைத் தொடாமல், சாதாரண ஸ்டெயின்லெஸ் பிளேட்டில் தொடங்குங்கள்.

றேசரை நான் காத்தான்குடியில் ஒரு சாமான் கடையில் எடுத்தேன். பெயர் பொறிக்காத, மூன்று துண்டாய்க் கழரும் வகை: மூடி, அடித்தட்டு, பிடி. கடைக்கார நானா பெட்டியை நீட்டிவிட்டு, “கழட்டிப் பூட்டிப் பாருங்க தம்பி, பாக்காம எடுத்துப் போகாதீங்க” என்றார். அந்தச் சொல்லுக்காகவே அவரிடம் திரும்பவும் போவேன். மலிவு றேசரில் எல்லாமே பார்த்து எடுப்பதில்தான் இருக்கிறது. முதலில் பிடியின் திருகுப் புரியைச் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இல்லாமல் கடைசிவரை இறுக வேண்டும். பிறகு பிளேட்டைப் போட்டு, றேசரின் தலையை வெளிச்சத்துக்கு நேராய்ப் பிடித்து மேலிருந்து பாருங்கள். மூடிக்கு இரண்டு பக்கமும் பிளேட்டின் விளிம்பு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் நூலளவு கூடினாலும் அந்தப் பக்கம் கடிக்கும், மற்றப் பக்கம் வெட்டாது. இதற்கு முன் வேறொரு இடத்தில், அழகான பெட்டியில் பிரஷ், கிண்ணம், தாங்கி எல்லாம் சேர்த்து ஒரு செட் விற்றார்கள். அதன் தலை இப்படித்தான் கோணல். எத்தனை தரம் கழற்றிப் பூட்டினாலும் நேராகவில்லை. செட்டுக்குக் கொடுத்த காசில் பாதி அந்தப் பெட்டிக்கே போயிருக்கும்.

பிடியைத் திருகினால் இரண்டு கதவாய்த் திறக்கிற றேசரும் இருக்கிறது. பிளேட் மாற்ற வசதிதான், ஆனால் மலிவு விலையில் அதன் கதவுகள் ஒழுங்காய்ப் பொருந்தி வருவது அரிது. மூன்று துண்டே போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: விலை குறைந்த றேசர்கள் பெரும்பாலும் நாக (சிங்க்) உலோகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசியவை. மாபிள் தரையில் விழுந்தால் புரி முறிந்துவிடும். பூச்சு கழன்றால் நம் கடற்காற்றுக்கு அரிக்கத் தொடங்கும். ஷேவ் முடிந்ததும் அலசி, உதறி, குளியலறைக்கு வெளியே காய வையுங்கள். பிளேட்டைத் துணியால் துடைக்க வேண்டாம், கூர் போகும், கையும் வெட்டும்.

பிரஷ் விசயத்தில் நைலோன் வகைக்குத்தான் என் வாக்கு. வெளிநாட்டு மலிவு பிரஷ் பலதும் பன்றி முடி. “எங்கட கடையில பண்டி முடி வைக்கிறதில்ல தம்பி, இது நைலோன்” என்று அந்த நானாவே சொன்னார். மார்க்கத்துக்காக வேண்டாம் என்கிறவர்களுக்கு மட்டுமில்லை, எல்லாருக்குமே இது நல்லது. ஊறப்போடத் தேவையில்லை, கொஞ்சக் கிறீமிலேயே நுரை எழும், நம் புழுக்கத்திலும் சீக்கிரம் காயும்.

நுரையில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் கிறீமில் இல்லை, தண்ணீரில். கல்லடியில் என் வீட்டுக் குழாயில் வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். ட்யூப் கிறீம் அரைத் தேக்கரண்டி போதும், கிண்ணத்தில் சுழற்றச் சுழற்ற எழும்பும். காரைதீவில் அம்மாவீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலோ அதே கிறீம் வெளிறிய குமிழாய் உடைந்து போகும். கடினத் தண்ணீரில் உள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து அதைக் கெடுக்கிறது. அங்கே நான் வடித்தெடுத்த மழைத்தண்ணீரோ, வாங்கின குடிதண்ணீரோ அரைக் குவளை வைத்துக்கொள்வேன். நுரைக்கு அதற்கு மேல் வேண்டாம். முகம் கழுவக் கிணற்றுத் தண்ணீரே போதும். பிரஷை உதறி, துளித் துளியாய்த் தண்ணீர் சேர்த்து, எருமைத் தயிரைக் கரண்டியால் கோதினால் குவிந்து நிற்குமே, அந்தப் பதம் வரும்வரை சுழற்றுங்கள். குளியல் சவர்க்காரத்தை முகத்தில் தேய்த்து இந்த றேசரைப் பிடிக்காதீர்கள். அதன் நுரை நிற்காது, வழுக்கலும் போதாது.

ஷேவ் எடுப்பது குளித்த உடனே. முடி தண்ணீரில் ஊறி மெதுவாகியிருக்கும். சுடுதண்ணீர் கட்டாயமில்லை. மூடியைக் கன்னத்தில் வைத்து, விளிம்பு தோலைத் தொடும்வரை பிடியை மெல்லத் தாழ்த்துங்கள், ஏறத்தாழ முப்பது பாகை வரும். அழுத்தக் கூடாது. றேசரின் பாரமே வெட்டும். காட்ரிஜ் பழகின கைக்கு இதுதான் கஷ்டம், பொறுமையாய்ப் பழகுங்கள். முடி எந்தப் பக்கம் படிகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அந்தப் பக்கமாகவே சின்னச் சின்ன இழுப்பு. என் கழுத்தில் இடப்பக்க முடி காதை நோக்கிக் குறுக்கே படிந்திருக்கிறது. அது தெரிந்த பிறகுதான் அங்கே எரிவு நின்றது. சுருண்ட தாடிக்காரர் எதிர்ப்பக்கமாய் இழுக்கவே வேண்டாம்.

கடைசியில் படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டி வாங்கினால் வருசக்கணக்கில் வரும். ஈர முகத்தில் தடவி, கொஞ்சம் பொறுத்துக் கழுவினால் சின்னக் கீறல் இரத்தம் நின்றுவிடும். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது என்று அர்த்தம். போத்தல் ஆஃப்டர்ஷேவ் மணத்துக்கு மட்டும்தான், காசிருந்தால் பார்க்கலாம்.

என் தாடிக்கு ஒரு பிளேட் நாலைந்து ஷேவ் தாங்கும். இழுக்கத் தொடங்கின உடனே மாற்றிவிடுவேன். பழைய பிளேட்டைத் தயவுசெய்து குப்பைப் பையில் போடாதீர்கள், மாநகரசபை வண்டியில் வருகிறவர்கள் அந்தப் பையைக் கையால்தான் தூக்குகிறார்கள். பால்பேணி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மேலே கத்தியால் ஒரு கீறல் போட்டால் பிளேட் உள்ளே போகும், வெளியே வராது. நிறைந்ததும் கீறலை டேப்பால் ஒட்டி, மேலே ‘பிளேட்’ என்று எழுதி, அவர்கள் கையிலேயே சொல்லிக் கொடுங்கள்.