ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை: கோத்தகிரியிலிருந்து என் அனுபவம்

தாடையில் கட்டி கட்டியாக வந்து, ஆறினாலும் குழி விழுந்த பருவுக்கு எனக்குக் கேட்ட ஒரே மருந்து இதுதான். தோலில் எண்ணெய் சுரப்பதையே குறைத்துவிடுகிறது. ஆரம்பத்தில் சிலருக்குப் பரு கூடும், எனக்கும் கூடியது.

உதடுதான் பெரும்பாடு. இங்கே அடிக்கும் குளிர்காற்றில் வாயோரம் பிளந்து, வர்க்கியை டீயில் தொட்டுச் சாப்பிட்டால்கூட எரிந்தது, ஸ்வெட்டர் பையில் வாசலின் இல்லாமல் நான் வெளியே கிளம்பியதே இல்லை. சாப்பாட்டோடு போடுங்கள், கொழுப்பு இருந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

பெண்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது சாப்பிட்டால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைபாடு வரலாம். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்திய பின் ஒரு மாதம் வரை கருத்தடை அவசியம். எனக்கு முதலில் எழுதிக்கொடுத்த டாக்டர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அமெரிக்காவில் இதற்கென்றே 2006 முதல் ஐபிளெட்ஜ் என்ற கட்டாயப் பதிவு முறை இருக்கிறது, இங்கே சில கடைகளில் சீட்டுகூடக் கேட்பதில்லை.

அப்புறம் அலைச்சல். தோல் டாக்டரைப் பார்க்க மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போக வேண்டும், மழையில் மண் சரிந்தால் அன்றைய அப்பாயின்ட்மென்ட் போச்சு. கல்லீரல், கொழுப்பு ரத்தப் பரிசோதனைகளை ஊர் லேபிலேயே எடுத்து ரிப்போர்ட்டை அனுப்பலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மனசு காரணமில்லாமல் சோர்ந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே போன் பண்ணுங்கள்.